துரிஞ்சிக்கு முள் கிடையாது

துரிஞ்சி மரத்துக்கு முள் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தத் தங்கச் சுரங்க லைன் வீடுகளில் ஆளுக்கொரு கதை கட்டிக்கொண்டு திரிகிறார்கள். பாக்கியவதிக்கு, அதாவது எனக்கு, புத்தி பேதலித்துவிட்டது என்கிறாள் ஒருத்தி. தோப்புக்குச் செய்வினை என்கிறாள் இன்னொருத்தி. செய்வினையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. செய்தவள் நான்தான். என் கையால்தான் செய்தேன்.

எனக்குப் பிழைப்பு அரப்பு. மாரிகுப்பம் ஸ்டேஷனைத் தாண்டிப் பாறைமேட்டுக்கு அந்தப் பக்கம் நாற்பதுக்குமேல் துரிஞ்சி மரங்கள் நிற்கின்றன. இலையைப் பறித்து நிழலில் உலர்த்தி, உரலில் இடித்துச் சலித்து, கூடையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை ஷிப்டு விடும் நேரத்துக்குச் சுரங்க ஷாப்ட் வாசலில் போய் உட்காருவேன். ஆளை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டிலிருந்து வெளியே வருகிறவனுக்குத் தலை எது, கல் எது என்று தெரியாது. தூசியும் மெழுகுவர்த்திப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்படிக் கட்டியிருக்கும். பட்டணத்துச் சோப்பு அதனிடம் தோற்றுப்போகும். என் அரப்பு ஒரு கைப்பிடி போதும். நுரைத்து வழிந்து தலை பளபளவென்று ஆகிவிடும்.

என் வீட்டுக்காரர் தங்கவேலுவும் நந்திதுர்க் பக்கம் ஷாப்டில் இறங்கிக்கொண்டிருந்தவர்தான். கல் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. இருமினால் அடுத்த லைனில் குழந்தை எழுந்துகொள்ளும். மாதத்தில் பாதி நாள் பாயில்தான். அதனால் எங்கள் அடுப்பில் நெருப்பு எரிவது துரிஞ்சி மரத்தால். தோப்பு போனால் நான் தங்கக் கல் அரைக்கிற மில்லில் கல் பொறுக்கப் போக வேண்டும், அந்தத் தூசியை நானும் விழுங்க வேண்டும். அப்புறம் அவருக்குக் கஞ்சி ஊற்ற யார் இருக்கிறார்கள்?

இப்படி இருக்கும்போது, ரயில் மாரிகுப்பம்வரை வந்து நாலு வருஷம் ஆனபின், ஒரு பங்குனி மாதக் காலையில் தோப்புக்குப் போனால் மரத்துக்கு மரம் சுண்ணாம்பில் வளையம் போட்டிருக்கிறது. எனக்குக் கூடை கை நழுவிவிட்டது. மரத்தடியில் ஏனோக் நிற்கிறார். கம்பெனிக்கு விறகு பார்த்துக் கொடுக்கிற ஓவர்சியர். வேதக்காரர், நல்ல மனிதர்தான், எங்களைப் போன்றவர்களையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஆனால் கையில் சுண்ணாம்புச் சட்டி இருக்கிறதே!

"இன்னா ஐயா இது? மரத்துக்கெல்லாம் காப்பு கட்றீங்க?"

"காப்பு இல்லம்மா. பாய்லருக்கு விறகு பத்தல. இந்தத் தோப்ப வெட்டச் சொல்லி உத்தரவு."

"வெட்டிட்டு எங்களுக்கு வாய்க்கரிசி போட்டுட்டுப் போங்க!" என்று கத்திவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் எதிரே நிற்பது ஓவர்சியரா, எமனா என்று பார்க்கத் தெரியாது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பாக்கியம்மா, கத்தாதீங்க. ஒண்ணு கேக்கறேன். இத்தினி மரம் நிக்குதே, இதுல கன்னு எங்க? ஒண்ணே ஒண்ணு காட்டுங்க பாக்கலாம்" என்றார்.

கன்றா? குனிந்து பார்த்தேன். இந்த மரத்தடி, அந்த மரத்தடி, பாறை ஓரம், ஓடை ஓரம் எல்லாம் ஓடி ஓடிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. வெறும் கட்டாந்தரை. பத்து வருஷமாக அந்தத் தோப்பில் நடமாடுகிறேன், ஒரு நாளாவது காலடியைப் பார்த்திருக்கிறேனா? இலை இருப்பது மேலே, அதனால் என் கண்ணும் மேலேயே இருந்திருக்கிறது. துரிஞ்சிக் கன்று எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. துரிஞ்சியால் வயிறு வளர்த்தவள் நான்! வெட்கத்தில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"கெழட்டு மரம் மட்டும் நின்னா அது தோப்பு இல்லம்மா, நிக்கிற வெறகு" என்றார் ஏனோக். "கன்னு வந்தாத்தான் தோப்பு. புரட்டாசி கடைசியில வருவேன். அதுக்குள்ள கன்னு வந்திருந்தா, 'தோப்பு வளருது, கைவைக்கக் கூடாது'ன்னு எழுதறேன். வரலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

திரும்பி வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். தங்கவேலு இருமி முடித்துவிட்டு, "நெலத்துக்கு இன்னா போட்டா பயிர் வரும்? எரு போட்டா வரும். இது தெரியாம மூக்கச் சிந்திகினு கீற" என்றார்.

அட, ஆமாம்! எங்கள் வடாற்காட்டில் ஏர் கட்டுவதற்கு முன்னால் ஆட்டுக் கிடை போடுவோம். மந்தையைக் கொண்டுவந்து நிலத்தில் ராத்திரிக்கு ராத்திரி மடக்கினால், புழுக்கையும் மூத்திரமுமாக மண் கொழுத்துவிடும். ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம் என்று சும்மாவா சொன்னார்கள்? எனக்கு அவ்வருஷமேதான் வேண்டும்.

முனியப்பாவைப் போய்ப் பிடித்தேன். இந்த ஊர்க் கன்னடக்காரன், மேட்டுக் கொட்டகையில் நூறு ஆடு வைத்திருப்பவன். எங்களோடு பேசிப் பேசி எங்கள் பேச்சே அவனுக்கும் வந்துவிட்டது. அப்போது கோடை. காடெல்லாம் காய்ந்து சருகாகக் கிடக்க, அவன் ஆடுகள் மட்டும் கல்யாண வீட்டு மாப்பிள்ளைகள் மாதிரி மினுமினுத்தன.

"இன்னாடா போட்டு வளக்கற?"

"பங்களா முள்ளுக் காய் அக்கா" என்று மடியிலிருந்து ஒன்றை எடுத்து அவனே கடித்துக் காட்டினான். மஞ்சள் காய், வெல்லம் மாதிரி இனிக்குமாம். துரைமார் பங்களாவைச் சுற்றி வேலிக்கென்று கப்பலில் விதை வரவழைத்துப் போட்ட மரம் அது. சீமைக் கருவை என்று ஆபீசில் எழுதுவார்களாம். எங்களுக்குப் பங்களா முள். "வேலி அடியில புல்லுகூட மொளைக்கறதில்ல அக்கா. ஆனா காய் மட்டும் கொட்டு கொட்டுனு கொட்டுது. ஆட்டுக்குப் பேஷான தீனி."

கேட்டேன். இரண்டு காதாலும் கேட்டேன். அந்த அடியில் ஏன் புல் முளைக்கவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றியதா? இல்லை. 'ஆடு கொழுத்தால் எருவும் கொழுக்கும்' என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தேன். முட்டாள்.

சித்திரையில் பன்னிரண்டு ராத்திரி கிடை போட்டோம். அதற்குக் கூலியாக முனியப்பா வீட்டுப் பெண்களுக்கு வருஷம் பூராவும் அரப்பு கொடுப்பதாகப் பேச்சு. கிடை முடிந்ததும், இனி ஒரு ஆடும் உள்ளே நுழையக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இலந்தை முள்ளை வெட்டிச் சுற்றிலும் அடைத்தேன். தங்கவேலு சிரித்தார்: "ஆட்டுப் புழுக்கைக்குக் கோட்டை கட்டற மொதல் பொம்பள நீதான்மே."

ஆனியில் நல்ல மழை. ஆடி பிறந்து போய்ப் பார்க்கிறேன், ஐயோ, சாமி! தரையே தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் பச்சை. ஒரு விரல், இரண்டு விரல் உயரத்துக்கு இறகு இறகாக இலை விட்டுக்கொண்டு கன்று. பத்தா, நூறா? எண்ணி மாளாது. நான் மண்ணில் விழுந்து கும்பிட்டேன். அழுதேன். வழியில் போன விறகுக்காரிகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்களும் வாயைப் பிளந்தார்கள்.

ஆவணியில் பார்த்தால் கன்றுகள் நெருங்கிவிட்டன. ஒன்றை ஒன்று நெருக்கினால் எதுவும் தேறாது. கேழ்வரகு விதைத்தவளுக்குத் தெரியாதா? கலைத்துவிட உட்கார்ந்தேன். அதில் இரண்டு தினுசு இருந்தது. ஒன்று தடித்த தண்டு, சற்று அகன்ற இலை, மதமதவென்று முழங்கால் எட்டப் பார்க்கிறது. இன்னொன்று சோனி, நூல் மாதிரித் தண்டு, பொடிப் பொடி இலை, சாண் உயரம்கூட இல்லை, சிலது மஞ்சளித்தும் கிடக்கிறது. தடித்தது எரு சாப்பிட்ட கன்று என்று நினைத்தேன். எரு தின்ற பயிர் தடிக்கத்தானே செய்யும்? சோனி, எரு எட்டாத சவலை. சவலையைப் பிடுங்கினால் கொழுத்தது பிழைக்கும்.

மூன்று நாள் உட்கார்ந்து பிடுங்கினேன். ஒவ்வொன்றாக, வேரோடு. மூன்று கூடை. வெளியே போட்டால் ஆடு வாசம் பிடித்து வரும் என்று பாறைக்கு அடியில் நனையாத இடுக்கில் கொட்டினேன். சாயங்காலம் ஓடையில் கை கழுவியபோது கையில் நுரை வந்தது. அரப்புக்காரி கைதானே, நகக்கண்ணில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று விட்டுவிட்டேன். தெய்வம் என் உள்ளங்கையில் வந்து சொல்லியிருக்கிறது. நான் தண்ணீரில் அலசிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன்.

அப்புறம் தோப்பு வாசலில் மஞ்சள் கயிறும் வேப்பிலையும் கட்டினேன். மாரியம்மன் கோயில் காப்பு மாதிரிதான். ஓவர்சியர் வரும்வரை என் கால்கூட உள்ளே படாது, கன்று மிதிபடக் கூடாது என்று வேண்டுதல். ஓரத்து மரங்களில் மட்டும் இலை பறித்து அந்த மாதத்தை ஓட்டினேன்.

சொன்னபடி புரட்டாசிக் கடைசியில் ஏனோக் வந்தார். வாசலில் நின்றபடியே, "அடேயப்பா! பாக்கியம்மா, ஜெயிச்சிட்டீங்க!" என்றார். இடுப்புயரம் பச்சை அலையடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டு, "வாங்க ஐயா, உள்ள வந்து பாருங்க" என்று முன்னால் கால் எடுத்து வைத்தேன்.

குதிகாலில் ஏறியது. விரல் நீள முள். வேலி இலந்தை ஏதோ விழுந்திருக்கிறது என்று பிடுங்கிப் போட்டேன். அடுத்த அடியில் சேலை மாட்டியது. இழுத்தேன். இழுத்த கையில் கோடு கோடாகக் கிழித்தது. பார்த்தால், முள் தரையில் இல்லை. கன்றில் இருக்கிறது. என் கன்றில்! ஒவ்வொரு இலைக்காம்புக்கும் கீழே, ஜோடி ஜோடியாக; ஆவணியில் பிஞ்சாக இருந்தபோது கையில் தட்டாத முள்.

ஏனோக் ஒரு கொப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை உதறினார். விரலில் ரத்தம். "இது துரிஞ்சி இல்லம்மா. பங்களா முள்ளு" என்றார்.

"இன்னா பேசறீங்க? ஒங்க கண்ணு இன்னா பொட்டையா? எரு போட்டு நான் வளத்தது!"

"இங்க எப்படி வந்திச்சி?"

எப்படி வந்தது? மஞ்சள் காய். கொழுத்த ஆடு. பன்னிரண்டு ராத்திரி. நூறு ஆட்டின் வயிற்றில் விதையைக் கட்டிக் கொண்டுவந்து, என் தோப்பில், என் மரத்தடியில், எருவோடு சேர்த்து விதைத்தது நான்தான்.

அப்படியானால் அந்தச் சோனி?

பாறை இடுக்குக்கு எப்படிப் போனேன் என்று எனக்கு நினைவில்லை. கிழித்துக்கொண்டு ஓடினேன். மூன்று கூடைக் குவியலும் காய்ந்து அப்படியே கிடந்தது. ஒன்றை எடுத்துத் தடவினேன். முள் இல்லை. இன்னொன்று, இன்னொன்று. ஒன்றிலும் முள் இல்லை. இரண்டு கை நிறைய இலையை அள்ளி, பாறைக் குழியில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரில் போட்டுக் கசக்கினேன். நுரைத்தது. விரல் இடுக்கெல்லாம் வழுவழுவென்று, வெள்ளை வெளேரென்று நுரைத்தது. நிற்கிற முள்ளில் ஒரு கொப்பை ஒடித்துக் கசக்கினேன். வெறும் பச்சைத் தண்ணீர்.

என் துரிஞ்சி தானாகவே வந்திருந்தது. இத்தனை நாள் கன்றை மேய்ந்த ஆடு வராமல் வேலி போட்ட அந்த ஒரு மழைக்காலத்தில், எருவுக்கும் கிடைக்கும் கடன்படாமல், விழுந்த விதையிலிருந்து அதுவாகவே முளைத்து வந்திருந்தது. வந்ததை ஒன்று விடாமல் நான் உட்கார்ந்து வேரோடு பிடுங்கியிருக்கிறேன். நெஞ்சில் அறைந்துகொண்டு கத்தினேன். ஏனோக் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நிற்கிற முள்ளைப் பிடுங்கிப் பார்த்தேன். அசையவில்லை. ஏனோக்கும் பிடித்து இழுத்தார். மூன்று மாதத்துச் செடி. வேர் பாதாளத்துக்குப் போயிருக்கிறது. சோனி எவ்வளவு சுலபமாக வந்தது என் கையோடு!

அவர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தபடி மெல்லச் சொன்னார். "பாக்கியம்மா, மேல இருக்கறவங்களுக்குத் துரிஞ்சியும் தெரியாது, முள்ளும் தெரியாது. 'கன்னு நிறைய வந்திருக்கு'ன்னு எழுதிடறேன். அது பொய்யும் இல்லையே. மரம் நிக்கும். ஊட்டுக்காரரு வேற இருமிகினு கெடக்கறாரு. இது துரிஞ்சிக் கன்னுதான்னு ஊர்ல ஒரு ஆளு சாட்சி சொல்லணும், அவ்ளோதான்."

தங்கவேலுவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. மரம் நிற்கட்டும், முள்ளை மெல்ல மெல்ல நானே ஒழித்துக்கொள்ளலாம், துரிஞ்சி மறுபடி முளைக்கும் என்று கணக்குப் போட்டேன். காகிதத்தை நீட்டினார். கட்டைவிரலில் மை தடவி வைத்தேன். மைக்குப் பக்கத்தில் கொஞ்சம் ரத்தமும் பட்டது.

மரம் நின்றது. அடுத்த தையிலேயே தோப்பு வாசலில் ஒரு பலகை அடித்தார்கள். கன்று வளரும் இடம், யாரும் கைவைக்கக் கூடாது, வெட்டினால் தண்டனை என்று எழுதியிருப்பதாகப் படிக்கத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அதற்கு ஒரு காவலாளும் போட்டார்கள். யாரை என்கிறீர்கள்? முனியப்பாவை. ஆட்டையெல்லாம் விற்றுவிட்டுக் காக்கிக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான்.

ஒன்றரை வருஷம் ஆயிற்று. முள் ஆள் உயரம் தாண்டிவிட்டது. கொப்பும் கொப்பும் பின்னிக்கொண்டு ஒரு பெருச்சாளி நுழைய இடமில்லை. நடுவில் என் மரங்கள் நிற்பது தெரிகிறது. கிட்டே போக வழியில்லை. ஓரத்து மரங்களை மொட்டையடித்தாகிவிட்டது. தங்கவேலு இப்போது பாயைவிட்டு எழுவதில்லை. நான் மில்லில் கல் பொறுக்கப் போகிறேன். ராத்திரி இரண்டு பேரும் மாற்றி மாற்றி இருமுகிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் கடப்பாரையையும் கொடுவாளையும் எடுத்துக்கொண்டு போனேன். வருவது வரட்டும் என்றுதான் போனேன். ஒரு தூரைக் குறிபார்த்து ஓங்கும்போது முனியப்பா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"பேடா அக்கா. கன்னுமேல கை வெக்கக் கூடாது."

"கன்னாடா இது? முள்ளுடா! ஒன் ஆட்டுப் புழுக்கையில வந்த முள்ளு!"

"எனக்குத் தெரியாதா அக்கா?" என்றான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "ஆனா காகிதத்துல துரிஞ்சிக் கன்னுன்னு கீது. அடியில ஒன் கைநாட்டு கீது. நான் வுட்டா என்னப் புடிப்பாங்க. ஒன்னியும் புடிப்பாங்க."

கடப்பாரையைக் கீழே போட்டேன். போட்டுவிட்டுக் குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது. இப்போதெல்லாம் நான் கீழேயே பார்த்து நடக்கிறேன். முள்ளுக்குள் ஒரு கை தூரத்தில் நூல் மாதிரி ஒரு தண்டு. பொடிப் பொடி இலை. சாண் உயரம். வெயில் படாமல் வெளுத்துப்போய், இலை பாதி உதிர்ந்து நிற்கிறது. அன்று என் கைக்குத் தப்பிய ஒன்று.

"முனியப்பா, இதும்மேல கீற ஒரே ஒரு கொப்ப மட்டும் வெட்டிக்கறேன்டா. ஒண்ணே ஒண்ணு."

அவன் தலையை ஆட்டினான், முடியாது என்று.

நான் தரையில் படுத்துக் கையை உள்ளே விட்டேன். தோள்வரை கிழித்தது. விரல் நுனி எட்டியது. தொட்டதும் இருந்த இலையெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது; தண்டு குச்சியாகிச் செத்து எத்தனை நாளாயிற்றோ. உதிர்ந்ததைப் பொறுக்கிக் கையை வெளியே எடுத்து, எச்சில் துப்பி உள்ளங்கையில் தேய்த்தேன்.

ரத்தத்தோடு சேர்ந்து நுரைத்தது.

முனியப்பா தன் தண்ணீர்ச் சுரைக்குடுக்கையை நீட்டி, "கழுவிக்க அக்கா" என்றான். நான் கழுவவில்லை. கையை மூடிக்கொண்டு அப்படியே வீட்டுக்கு வந்தேன்.